முதல் மழைக்குத் திரும்பிப் போகிறவர்

அப்பா போய் மூன்று வருஷம் ஆகப் போகிறது. எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஓர் அம்மா போன் செய்து, "சிலோன் மேஸ்திரி இருக்காரா, எங்க வீட்டுக் கூரை ஒழுகுது" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப நாங்க என்ன பண்ணணும்னு நீயாவது சொல்லும்மா" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அரை மணி நேரம் பேசியிருப்பேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, இவ்வளவையும் எனக்குள் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன். அதை அப்படியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோத்தகிரி, அரவேனு, கொடநாடு போகிற வழி, சுற்றியிருக்கிற ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), இங்கெல்லாம் தகரக் கூரை போடுவதுதான் அப்பாவின் தொழில், கிட்டத்தட்ட நாற்பத்தெட்டு வருஷம். பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது இல்லையா, அதில் எங்கள் தாத்தா குடும்பத்தின் முறை 1972-ல் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, அங்கிருந்து மலைக்கு. அப்பாவுக்கு அப்போது 16 வயது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில், இன்றைக்கு டேன்டீ என்கிறோமே அதில், வேலை கிடைத்தது. அப்பாவுக்குக் கொழுந்துக் கூடை பிடிக்கவில்லை. கோத்தகிரியில் ஒரு தகரப் பட்டறையில் போய் ஒட்டிக்கொண்டார். மண்ணெண்ணெய் விளக்கு, புனல், பூவாளி, பால் கேனுக்கு மூடி என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று வருஷத்தில் கூரைக்கு ஏறிவிட்டார்.

ஏன் கூரை என்று ஒருமுறை கேட்டேன். லயத்துக் காம்பராவில் அவர் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையாம். மழை பெய்தால் பாட்டி ஓர் அலுமினியத் தட்டைத் தலைமாட்டில் வைத்துவிடுவாளாம். அந்தத் தட்டில் விழுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவாராம். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கிருந்து கொண்டுவந்த சொற்களைக் கடைசிவரை விடவில்லை. டீ அவருக்குத் தேத்தண்ணிதான். கூரை விளிம்பில் தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலை இங்கே எல்லோரும் கட்டர் என்பார்கள், அவர் மட்டும் பீலி என்பார். எங்கள் வீட்டில் நாங்களும் பீலி என்றே சொல்லி வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தை யாருக்கும் புரியாமல் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, கூரைக்கு வருகிறேன்.

ஒரு வீட்டுக்கு வேலை பேசப் போனால் அவர் முதலில் அளவு எடுக்க மாட்டார். வீட்டிலேயே வயதான ஆள் யார் என்று பார்த்து, பெரும்பாலும் ஒரு பாட்டியாக இருக்கும், அவரிடம் போய் உட்கார்ந்து, "மழை எந்தப் பக்கமிருந்து வந்து அடிக்கும் பாட்டி?" என்று கேட்பார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, எந்தச் சுவரில் பாசி கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பார். நீலகிரி முழுக்க மழை ஒரே மாதிரி இல்லை. கூடலூர்ப் பக்கமும் ஊட்டிக்கு மேற்கேயும் ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் பெருமழை, கிழக்கேயிருந்து ஏறி வரும். மழைக் காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்க் கோடியில்தான் முதல் தகரத்தைப் போட வேண்டும். அங்கிருந்து காற்றை நோக்கி ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டு வந்தால், ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். மாற்றிப் போட்டால், எத்தனை நல்ல தகரமானாலும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். புதுக் கூரை ஒழுகுகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்கு இதுதான் கோளாறு என்பார். பக்கவாட்டில் ஒரு தகரத்தின்மேல் அடுத்த தகரம், அலை அலையாக இருக்கிறதே அந்த வளைவில், ஒன்றரை வளைவு ஏற வேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் அரை அடிக்குக் குறையாமல் இறங்க வேண்டும், சரிவு கம்மியான கூரை என்றால் ஓர் அடி வரைக்கும்கூட.

ஆணியோ ஸ்க்ரூவோ வளைவின் மேட்டில்தான் ஏற வேண்டும், பள்ளத்தில் கூடாது. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிற தண்ணீருக்கு நடுவே யாராவது ஓட்டை போடுவார்களா? அப்புறம், ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்குவது என்பது. அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் தகரத்தில் படிந்து, லேசாகப் பிதுங்க ஆரம்பிக்கிற இடத்தில் கை நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி, இரண்டு வெயிலில் வெடித்து, அங்கிருந்தே ஒழுகும். வேலை முடிந்த அன்று சாயங்காலம் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூரை முழுக்கப் பெருக்கிவிட்டுத்தான் இறங்குவார். துளை போட்டபோது விழுந்த இரும்புத் துகள் அங்கேயே கிடந்தால் ஒரே வாரத்தில் துருப்பிடித்து, தகரத்தையும் சேர்த்துத் தின்னத் தொடங்கிவிடும். இந்தப் பெருக்குகிற வேலையைச் செய்கிற ஆளை அவருக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் கூரை வேலை நடந்தால், கூச்சப்படாமல் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மழைக்கும் பனிக்கும் பயந்து வாங்கிவைத்த புதுத் தகரத்தை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுகிறோம் பாருங்கள், அதுவும் தப்பு. இரண்டு தகரத்துக்கு நடுவே ஈரம் மாட்டிக்கொண்டால் பூஞ்சை மாதிரி வெள்ளையாகப் பூத்து, மேலே பூசியிருக்கிற துத்தநாகம் போய்விடும். நடுவே குச்சி வைத்து, ஒரு பக்கம் தூக்கலாகச் சாய்த்து அடுக்க வேண்டும். அதே மாதிரி, ஒழுகுகிற இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்புகிறவர்கள் நிறைய. ஈரச் சிமெண்ட் துத்தநாகத்தை அரித்துவிடும். செம்புக் குழாயில் ஓடிவருகிற தண்ணீர் தகரத்தில் விழவே கூடாது, அது விழுந்த தடம் மட்டும் தனியாக ஓட்டையாகிவிடும்.

ஒழுக்கு கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. எங்கோ மேலே நுழைந்த தண்ணீர், கூரையைத் தாங்குகிற கைமரத்தின் அடியோடு ஊர்ந்து வந்து, ஒரு முடிச்சோ ஆணியோ தட்டுகிற இடத்தில் சொட்டும். அவர் பள்ளிக்கூடச் சாக்பீஸ் ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். கைமரத்தின் பக்கவாட்டில் நீளமாகத் தேய்த்துவிட்டு, அடுத்த மழைக்குக் காத்திருப்பார். தண்ணீர் வந்த வழி சாக்பீஸ் வெள்ளையில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓட்டை. நான் ஆறாவது படிக்கும்போது, என் டப்பாவில் சாக்பீஸ் குறைகிறது என்று டீச்சர் என்னைத் திட்டியதும் இதனால்தான்.

தை மாதம் மழையே இல்லாமல் சொட்டுகிறது என்று கூப்பிடுவார்கள். அது ஒழுக்கு இல்லை. உறைபனிக் காலத்தில் ராத்திரி தகரம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். உள்ளே நாம் விடுகிற மூச்சும் சமையல் ஆவியும் அதில் பட்டு வியர்த்து, விடிகாலையில் சொட்டும். அதற்குப் பலகை அடித்து மச்சு போட வேண்டும், முகட்டுக்குக் கீழே காற்று போக வழி விட வேண்டும், குளிருதே என்று எல்லா இடுக்கையும் துணி வைத்து அடைக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் வருவார். அம்மா கேட்டால், "ஓட்டையே இல்லாத வீட்டுல எதுக்குக் காசு?" என்பார்.

பீலியைச் சுத்தம் செய்ய வருஷத்துக்கு இரண்டு தடவை என்று கணக்கு. மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி முடிந்த வாரம் ஒன்று, தீபாவளிக்கு முன்னால் ஒன்று. சில்வர் ஓக் மரம் பக்கத்தில் இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை, ஏனென்றால் அந்த இலை மக்காமல் கம்பளி மாதிரி மெத்தையாகப் படிந்துவிடும். பீலி அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறிச் சுவருக்குள் இறங்கும். மலைச்சரிவில் கட்டிய வீட்டுக்குச் சுவரோரத்து மண் ஊறுவது என்றால் என்ன என்பதை 2009 நவம்பரில் பார்த்தோம். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேல் செத்துப்போனார்கள். அந்த வாரம் அப்பா வீட்டுக்கே வரவில்லை என்று சொல்லலாம். கூரை பார்க்க மட்டும் போகவில்லை, கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பார்க்கப் போனார். அதற்குப் பிறகு எந்த வேலை பேசினாலும், பீலியிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீரைக் கல் கட்டிய ஓடைவரை கொண்டுவிடுவதாக இருந்தால்தான் கூரை போடுவேன் என்று நிபந்தனை போட ஆரம்பித்தார். அதற்காகச் சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும் என்றுவிட்டார்.

1998-ல் விழுந்தார். பழைய சிமெண்ட் ஷீட் கூரை, மேலே பாசி, கீழே நைந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் அவசரப்படுத்த, அன்று கயிறு கட்டாமல் ஏறிவிட்டார். ஷீட் உடைந்து பன்னிரண்டு அடி கீழே. இடுப்பிலும் மணிக்கட்டிலும் எலும்பு முறிவு. நான்கு மாதம் படுக்கை. அந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை, செய்த வேலைக்கும் கூலி வரவில்லை. அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கிற இடத்தில் ராத்திரி ஷிப்ட் போனாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே கிடப்பார். அந்த நாலு மாதத்தில்தான் அவர் அழுது நான் பார்த்தேன், அதுவும் வலியால் இல்லை, விடியற்காலையில் வேலை முடிந்து வந்த அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம்.

எழுந்த பிறகு அவர் மாற்றிக்கொண்டவை இவை: ஈரத் தகரத்தில் ஏறுவதில்லை, யார் கெஞ்சினாலும். முகட்டைத் தாண்டிக் கயிற்றைப் போட்டு, எதிர்ப் பக்கத்தில் மரத்திலோ தூணிலோ கட்டிவிட்டுத்தான் ஏறுவார். ஸ்க்ரூ வரிசை எங்கே ஓடுகிறதோ அங்கேதான் கால் வைக்க வேண்டும், அடியில் சட்டம் இருக்கும். சிமெண்ட் ஷீட் என்றால் குறுக்கே பலகை போட்டு, பலகைமேல் மட்டும். அந்தப் பழைய ஷீட்டை உடைத்தாலும் அறுத்தாலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்ய வேண்டும், அந்தத் தூசு ஆஸ்பெஸ்டாஸ், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. முடிந்தால் உடைக்காமல் முழுசாகக் கழற்றி இறக்குவார்.

வீட்டில் அவர் எப்படி என்று சொல்ல என்னிடம் பெரிய கதை ஒன்றும் இல்லை. என் டிரங்குப் பெட்டி இருக்கிறது. நான் கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போகும்போது அவரே செய்து கொடுத்தது. கடையில் வாங்கினால் நாள் கூலி மிச்சம், ஆனால் பத்து ராத்திரி உட்கார்ந்து செய்தார். இப்போதும் அதன் மூடியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். தகரத்தை வெட்டியபடியே விட்டால் அது கத்தி. அவர் விளிம்பைச் சுற்றிலும் மடித்து, மடிப்புக்குள் ஒரு கம்பியை வைத்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி உருட்டியிருக்கிறார். எங்கே தொட்டாலும் வழவழவென்று உருண்டையாக இருக்கும். வெளியே தெரிகிற விளிம்பு மட்டும் இல்லை, உள்ளே துணிக்குக் கீழே மறைந்துபோகிற தட்டின் விளிம்பையும் அப்படியே செய்திருக்கிறார். மூலைகளில் ஈயம் பற்றவைத்த இடம் அரிசி மணி அளவுக்குக்கூடத் துருத்தவில்லை. அவருடைய இரண்டு கையிலும் தகரம் கிழித்த தழும்புகள் எண்ண முடியாது. பெட்டியைக் கையில் கொடுத்தபோது, "கை வச்சுப் பாரு புள்ள, எங்கயாச்சும் கீறுதான்னு சொல்லு" என்றார். தங்கைக்கும் ஒன்று. அம்மாவுக்கு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பூவாளி. இருபது வருஷமாக ஒழுகவில்லை.

மழை ராத்திரிகளில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். விளக்கு போட மாட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்த வருஷம் கூரை போட்ட வீடுகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணுவார். "படுங்களேன், கூரை ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்று அம்மா சொல்வாள். விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். புதுக் கூரைமேல் விழுகிற முதல் பெருமழைக்கு மறுநாள், யாரும் கூப்பிடாமலே, அந்த வீட்டுக்குப் போய் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். காசு கிடையாது, ஒரு தேத்தண்ணி. பார்த்துவிட்டு வந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே டிக் போடுவார். அந்த மாதிரி பதினேழு நோட்டு இருக்கிறது வீட்டில். எந்த வீடு, எத்தனை தகரம், மழை எந்தப் பக்கம், எந்த மூலை பலவீனம், எல்லாம் அதில் இருக்கிறது.

தொழில் செய்கிற அப்பாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அவர் கூடப் போய் ஒரு நாள் உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், போனில் பதிவு செய்தாலும் சரி. அப்பா நோட்டு வைத்திருந்தும், கூலி பாக்கி யாரிடம் என்பது மட்டும் அவர் மனசிலேயே இருந்தது, அது அவரோடு போய்விட்டது. இரண்டாவது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு. அட்டை இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டதா, வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா, அதில் கொடுத்த போன் நம்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 60 வயது முடிந்தால் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவின் அட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது, புதுப்பிக்காமல். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தோம், ஒருவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வராது.

2022 ஐப்பசியில் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே போய்விட்டார். அறுபத்தாறு வயது. முந்தின நாள்வரை வேலை பார்த்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் கடைசி நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி, மேலே ஒரு ஹட்டியில் ஒரு வீடு, 34 தகரம், "மழை கிழக்கு, சமையல்கட்டு மூலை பாக்கணும்" என்று எழுதி, நேரே டிக் இல்லாமல் இருந்தது. அதற்குள் இரண்டு பெருமழை பெய்து முடிந்திருந்தது.

அப்பாவிடம் பன்னிரண்டு வருஷமாகக் கையாளாக இருந்த பையனைக் கூப்பிட்டேன், எனக்கு அவன் தம்பி மாதிரி, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் ஒன்றும் பேசாமல் டார்ச்சும் ஸ்பேனர் பையும் எடுத்துக்கொண்டு வந்தான். அந்த வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே இருக்கு, எங்கயும் ஒழுகலையே" என்றார். இருந்தாலும் சமையல்கட்டுக்குள் போனோம். மூலையில் கைமரத்தின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். சொட்டவில்லை, ஊறியிருந்தது, அவ்வளவுதான். தம்பி கயிறு கட்டி மேலே ஏறினான். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து, "இது நான் முறுக்கினது அக்கா, கூட முறுக்கிட்டேன்" என்று குரல் வந்தது. வாஷர் வெடித்திருந்தது. புது வாஷர் போட்டு, அந்த வரிசையில் இருந்த மற்ற ஸ்க்ரூக்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினான். பாட்டி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஒழுக்கை அடைத்த அன்றைக்கு அப்பா டிக் போட மாட்டார், அடுத்த மழையைப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

நாலு நாள் கழித்து ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் தம்பி குடையோடு வாசலில் நிற்கிறான்.